கோவிந்தப்பனின் இடது கை

இரண்டு சீட்டுக்கும் நடுவில், தரையோடு பதித்திருந்த சிவப்புத் திருகு ஒரு விரற்கடை திரும்பியிருந்தது.

ரத்தினவேல் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. பதினான்கு வருடமாக மெஷின்களுக்கு நடுவே நடந்து, எந்த லீவர் எங்கே நிற்கிறது, எந்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் சூப்பர்வைசர் அவன். கிளம்பும்போது பைலட் கௌஸ் மொய்தீன் அந்தத் திருகைத் தட்டிக் காட்டி, "இது பெட்ரோல் திருகு. மூக்கு முன்னால பாத்தா ரெண்டு டேங்கும் தொறந்திருக்குது. பின்னால பாத்தா மூடியிருக்குது. உங்க காலு இதுல படாம பாத்துக்குங்க, போதும்," என்று சொல்லியிருந்தார். அப்போது மூக்கு நேராக முன்னால் பார்த்தது. இப்போது இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

சொல்லலாமா என்று யோசித்தான். விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. பட்டாளத்தில் இருபது வருடம் விமானம் ஓட்டிவிட்டு வந்த மனிதருக்கு, ஏறின பத்தாவது நிமிடத்தில் யோசனை சொல்லி அசடு வழிய வேண்டாம் என்று விட்டுவிட்டான். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மணி நாலே கால். பகல்தான், ஆனால் பகல் என்று சொல்லிக்கொள்ள வெளிச்சம் இல்லை. டிசம்பர் மேகம் தலைக்கு மேலே அழுக்குப் போர்வையாகத் தொங்க, அதற்குக் கீழே ஒட்டினாற்போல் அந்தச் சின்ன விமானம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கீழே சூளகிரிப் பாறைகள், அறுத்துவிட்ட கேழ்வரகுக் கொல்லைகள், நெடுஞ்சாலையில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊரும் லாரிகள். விமானத்துக்குள் பெட்ரோல் வாசனை, டெட்டால் வாசனை, அதற்கும் அடியில் துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தாற்போல ரத்த வாசனை. ஜன்னல் இடுக்கில் நுழைந்த காற்று ரத்தினவேலின் காதுக்குள்ளேயே சீட்டியடித்துக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தவன் கோவிந்தப்பன். சூளகிரிப் பக்கத்து ஆள். ஒன்பது வருடமாகத் தகடு வெட்டும் மெஷினில் நின்றவன். இடது கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. அதற்குமேல் நர்ஸ் வீரலட்சுமி சுற்றிவிட்ட பெரிய வெள்ளைக் கட்டு. கட்டுக்கு அப்புறம் இருக்க வேண்டியது பாலிதீன் பைக்குள், பை ஐஸ்கட்டிகளுக்குள், ஐஸ் கேன்டீனில் ஐஸ்கிரீம் வைக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள். பெட்டியைச் சணலால் கட்டி, முன் சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் செருகியிருந்தார்கள். திருகுக்கு ஒரு முழம் தூரத்தில்.

வேறு சமயமாக இருந்தால் விமானம் எல்லாம் எதற்கு? பெங்களூர் ஒரு மணி நேரம். ஆனால் அது காவிரிக்காகப் பஸ் எரிந்த தொண்ணூற்றொன்று டிசம்பர். எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டித் தமிழ்நாட்டு நம்பர் வண்டி எதுவும் போகவில்லை. மெட்ராஸ் டாக்டர் போனில், "சுத்தமான வெட்டுன்னா ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டு வாங்க, ஒட்டவெச்சிரலாம்," என்றார். வெட்டுப்பட்டது இரண்டு மணிக்கு. ரோட்டில் போனால் நடக்காது. முதலாளி தன் சொந்த விமானத்தைக் கொடுத்தார். எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கோவிந்தப்பனுக்குக் கை உண்டு. அவ்வளவுதான் கணக்கு.

கீச்.

ஈர விரலால் தெர்மாகோலைத் தேய்த்தால் வருமே, பல்லைக் கூசவைக்கும் சத்தம், அது. எஞ்சின் இரைச்சலுக்குள் அது கேட்டிருக்கவே கூடாது. கேட்டது. ரத்தினவேல் திரும்பிப் பார்த்தான். பெட்டி வைத்த இடத்தில்தான் இருந்தது. சணல் மட்டும் தளர்ந்திருந்தது. கட்டியது அவன்தான், இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

"சார்."

கோவிந்தப்பன் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி மயக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது. ரத்தினவேல் எட்டிக் குனிந்தான்.

"கை குளிருதுங்க சார்."

ரத்தினவேல் அவனுடைய வலது கையைத் தொட்டுப் பார்த்தான். கம்பளிக்குள் சூடாக இருந்தது.

"அதில்லீங்க சார். இந்தக் கை."

அப்போது எஞ்சின் இருமியது. ஒரே ஒரு தரம், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதைப்போல. விமானம் முழுக்க ஒரு உதறல். கௌஸ் மொய்தீன் எதிரே இருந்த மீட்டர் முள்ளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார். திருகின் மூக்கு இடப்பக்கத்தையும் தாண்டிப் பின்னால் போகத் தொடங்கியிருந்தது. சட்டென்று அதைப் பிடித்து முன்னால் திருப்பினார். இரைச்சல் பழையபடி நிமிர்ந்தது.

"காலை எடுங்கன்னு சொன்னேனில்ல?" என்று கத்தினார்.

"நான் தொடவே இல்லீங்க, கேப்டன்."

"பின்ன அது தானா திரும்புமா? வெளையாட்டா இது?" கையை உதறிப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். "எல்லாம் ஈரம் வேற. ஐஸ் ஒழுகுது பாருங்க."

ரத்தினவேல் இரண்டு காலையும் கதவோரமாக ஒடுக்கி வைத்துக்கொண்டான். ஐஸ் ஒழுகினால் தரையில் ஒழுகும். திருகின் தலைமேல் எப்படி ஏறும்?

"சார்," என்றான் கோவிந்தப்பன் பின்னாலிருந்து. மெஷின் பக்கத்தில் நின்று உத்தரவு கேட்கும் அதே பணிவான குரல். "கையில குமிழாட்டம் ஒண்ணு இருக்குதுங்க சார். திருப்பட்டுங்களா?"

ரத்தினவேல் திருகைப் பார்த்தான். கோவிந்தப்பனை ஏற்றும்போதே அவனுக்கு நினைவில்லை. இந்த விமானத்தில் ஒரு திருகு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"பேசாம படு கோவிந்தப்பா," என்றான்.

செய்ததைச் சொல்லிவிட வேண்டும். ரத்தினவேல் யாரிடமும் சொல்லாததால் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகடு வெட்டும் மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் கை போக வழியில்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் வேலை மெதுவாக நடக்கும். இடது பொத்தானைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டால், வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தகட்டைத் தள்ளலாம். கட்டச் சொன்னவன் ரத்தினவேல். "பயமா இருக்குதுங்க சார்," என்று கோவிந்தப்பன் சொன்னபோது, "பயமா இருந்தா கொல்லை உழப் போ," என்றவனும் அவன்தான். இரண்டு மணிக்குக் கத்தி இறங்கியதும், எல்லோரும் கோவிந்தப்பனைத் தூக்கிக்கொண்டு ஓட, ரத்தினவேல் மட்டும் பின்தங்கி பிளேடால் டியூபை அறுத்தெடுத்தான்.

அதோடு நின்றிருக்கலாம். போலீஸ் வரும், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார், டியூபைக் கட்டியது யார் என்று கேட்பார்கள் என்ற பயம் அவனை நிற்கவிடவில்லை. முதலுதவி அறையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினான்: சூப்பர்வைசர் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் நானே டியூபைக் கட்டினேன், தவறு என்னுடையது. கோவிந்தப்பனுக்குக் கையெழுத்து வராது. ஒன்பது வருடமாகக் கம்பெனித் தாள்களில் எல்லாம் அவனுடைய இடது பெருவிரல் ரேகைதான் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு இடது பெருவிரல் என்பதுதானே வழக்கம். ரேகை மாறினால் சந்தேகம் வரும். கோவிந்தப்பன் பக்கத்து அறையில் மயங்கிக் கிடந்தான். வீரலட்சுமி ஐஸ் வாங்கக் கேன்டீனுக்கு ஓடியிருந்தாள். மேஜைமேல் தட்டில், ஈரத்துணிக்குள், இடது பெருவிரலோடு அந்தக் கை தனியாக இருந்தது.

ஊதா மையை அந்தக் கட்டைவிரலில் தடவித் தாளின்மேல் வைத்தான். கை இன்னும் சூடாக இருந்தது. லேசாக வைத்தால் போதும் என்றுதான் வைத்தான். ஆனால் அமுக்கியது அவன் இல்லை. விரல் தானே தாளில் அழுந்தியது. நரம்பு இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மையை அவசரமாகத் துடைத்து, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். இப்போது நெஞ்சுக்கு நேரே அந்தத் தாள் இருந்தது.

கீச். கீச்.

இந்தத் தடவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எஞ்சின் நின்றது.

இருமல் இல்லை, உதறல் இல்லை. யாரோ கதவைச் சாத்தினதுபோல் இரைச்சல் மொத்தமும் போய்விட்டது. முன்னால் காத்தாடி காற்றில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கைகளில் காற்று உரசும் சத்தம் மட்டும், நீளமாக, ஒரே சுருதியில். அவ்வளவு பெரிய இரைச்சலுக்குப் பிறகு வந்த அந்த அமைதி ரத்தினவேலின் காதை அடைத்தது.

கௌஸ் மொய்தீன் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார், வேக முள் ஒரு இடத்தில் நிற்கும்வரை பார்த்தார், பிறகு கீழே தரையைப் பார்த்தார். வீட்டுக்குள் சாவியைத் தேடுகிற மனிதனைப்போல நிதானமாகத் தேடினார்.

"மூவாயிரம் அடி இருக்குது," என்றார். "நாலு நிமிஷம். பயப்படாதீங்க, இது கல்லு இல்ல, விழாது. மிதந்துதான் எறங்கும்." சொல்லிக்கொண்டே கை ஒவ்வொன்றாகத் தொட்டது. எதிர்ப் பலகையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளினார். சூட்டுக் காற்றுக் குமிழை இழுத்தார். எஞ்சின் சாவியை இடம், வலம், இரண்டும் என்று திருப்பிப் பார்த்தார். ரேடியோவில் மூன்று முறை உதவி கேட்டார். பெங்களூர் கேட்டது, கேட்டு எந்த இடம் என்று விசாரித்தது. அங்கிருந்து அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

கடைசியாகக் கையைத் திருகுக்குக் கொண்டுபோனார். மூக்கு நேர் பின்னால் பார்த்தது. முழுக்க மூடியிருந்தது.

அவர் ரத்தினவேலை ஒரு பார்வை பார்த்தார். கொலைகாரனைப் பார்க்கிற பார்வை.

திருகை முன்னால் தள்ளினார். இரண்டு மூச்சு விட்டு எஞ்சின் படபடத்துப் பிடித்தது. ரத்தினவேலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. விமானத்தை நிமிர்த்தக் கௌஸ் மொய்தீன் கையை எடுத்தார். எடுத்த கை மேலே போய்ச் சேருவதற்குள் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி அமைதி.

"இதுல ஏதோ ஸ்ப்ரிங் போயிருக்குது. எனக்கு ரெண்டு கையும் மேல வேணும். நீங்க புடிங்க!"

"நானா?"

"வேற யாரு இருக்கறாங்க? முன்னால திருப்பி அமுக்கிப் புடிங்க. என்ன ஆனாலும் விட்ராதீங்க. கேட்டுதா? விட்டா மூணு பேரும் காலி."

ரத்தினவேல் வலப்பக்கச் சீட்டில் இருந்தான். திருகுக்கு எட்டுவது அவனுடைய இடது கைதான். கையை இறக்கினான். சீட்டுகளுக்கு நடுவே இருட்டு, கிணற்று இருட்டுபோல. விரல் இரும்பைத் தேடியது. இரும்பு கிடைத்தது. ஈரம். திருப்பினான்.

எஞ்சின் பிடித்தது.

"அப்படியே! அப்படியே புடிங்க!" கௌஸ் மொய்தீன் விமானத்தின் மூக்கைத் தூக்கினார். கீழேயிருந்து நெருங்கி வந்த பாறைகள் விலகின. முள் ஏறத் தொடங்கியது. மெட்ராஸ் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆறு மணி நேரத்தில் இன்னும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. ரத்தினவேல் அழுதே விட்டான்.

"சார்," என்றான் கோவிந்தப்பன். "உங்க கை சூடா இருக்குதுங்க சார்."

முதலில் ஒரு விரல். அவன் மணிக்கட்டின்மேல். பனிக்கட்டியின் குளிர். பிறகு இன்னொன்று. அவசரமே இல்லை. ஒவ்வொன்றாக வந்து, அவன் புறங்கையின்மேல் படிந்து, விரலிடுக்குகளுக்குள் விரல் நுழைத்து, இறுக்கியது.

குனிந்து பார்த்தான்.

நகக்கண்ணில் கிரீஸ். ஒன்பது வருடத்துக் காய்ப்பு. கட்டைவிரலில் துடைத்தும் போகாத ஊதா. மணிக்கட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

அது திருகைப் பின்னால் இழுத்தது. அவன் கையோடு சேர்த்து.

விட்டுவிட்டான்.

பிடித்திருக்கலாம். அவனுடைய கை அதைவிடப் பெரிது, உயிருள்ளது. ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தால் எதிரே இருந்த பாறைமேட்டை விமானம் தாண்டியிருக்கும். ஆனால் விட்டான், உதறினான், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோடு கதவாக ஒண்டினான். டக். எஞ்சின் நின்றது.

"ஏய்யா விட்டே?" கௌஸ் மொய்தீனின் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "பாவி, ஏய்யா விட்டே?"

கௌஸ் மொய்தீன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இனி உயரம் இல்லை. இடப்பக்கம் ஏரி, தண்ணீர் நிறைந்து கிடந்தது. நேர் எதிரே பாறை. வலப்பக்கம், தொழிற்பேட்டைக்காகக் குன்றை வெட்டி மட்டம் பண்ணிப்போட்ட வெறும் செம்மண்வெளி; குறுக்கும் நெடுக்கும் எல்லைக்கல், நடுவே நீளமாக ஒரு மண்ரோடு. அதற்கு முன்னால் மின்கம்பிகள்.

"அதான் நம்ம எடம். பெல்ட்ட இறுக்கு. கதவைத் தொறந்து வை, நெளிஞ்சா சிக்கிக்கும்." குரல் மறுபடி நிதானமானது. "பெட்ரோலை மூடு." பிறகு அவரே குனிந்து பார்த்துக் கசப்பாகச் சொன்னார்: "மூடித்தான் இருக்குது."

கம்பிகள் பெரிதாகி வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. சக்கரத்துக்கு அடியில் போயின. கல். ரோடு. மண் எழும்பி மூக்கில் அறைந்தது. விமானம் குதித்தது, மறுபடி குதித்தது, எதையோ இடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஒருபக்க இறக்கை தரையில் இழுபட, நின்றது.

உயிரோடு இருந்தார்கள்.

கௌஸ் மொய்தீன் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாச் சாவியையும் அணைத்தார். பின்னால் எட்டிக் கோவிந்தப்பனின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு சீராக வந்தது. நசுங்கிய கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். அரை மைல் தள்ளி நெடுஞ்சாலையில் லாரி விளக்குகள் தெரிந்தன.

"நான் போய் ஒரு வண்டிய மடக்கறேன். நீ இங்கயே இரு. அந்தப் பெட்டிய மட்டும் பத்திரமாப் பாத்துக்க. அது போச்சுன்னா இவ்ளோ பாடும் வீண்."

"கேப்டன், என்னையும் கூட்டிப் போங்க," என்றான் ரத்தினவேல். "பெல்ட்டு வரமாட்டேங்குது. கேப்டன்!"

அவர் காதில் விழவில்லை. விழுந்தாலும் நின்றிருக்க மாட்டார். செம்மண் ரோட்டில் அவருடைய வெள்ளைச் சட்டை போய்க்கொண்டே இருந்தது.

பெல்ட் கொக்கி வளைந்துபோயிருந்தது. இழுத்தான். திருகினான். வரவில்லை. சூடான இரும்பு ஆறுகிற 'டிக், டிக்' சத்தம். எங்கிருந்தோ பெட்ரோல் சொட்டும் சத்தம். வேறு சத்தம் இல்லை. தலையைத் திருப்பினான். பெட்டியின் மூடியைக் காணோம். உள்ளே ஐஸ் இருந்தது. கிழிந்த பாலிதீன் இருந்தது.

"கோவிந்தப்பா," என்றான். "கோவிந்தப்பா, எந்திரி. கூப்பிடு அதை."

கோவிந்தப்பன் தூங்கினான்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். "இந்தா," என்று சீட்டுக்கு அடியில் இருந்த இருட்டைப் பார்த்துச் சொன்னான். "கிழிச்சிடறேன். பாரு. நாந்தான் டியூப் கட்டச் சொன்னேன். இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். சாமி, என்னை விட்ரு." நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்தான். துண்டுகள் மடியில் உதிர்ந்தன.

அமைதி.

பிறகு கணுக்காலில் ஒரு குளிர்.

பேண்ட் துணியைப் பற்றிப் பற்றி ஏறியது. ஐந்து விரல். முழங்கால். ஈரம் தொடை வழியாக மேலே வந்தது. மடியில் கிடந்த துண்டுத் தாள்களை அடைந்தது. நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. தாள்களின்மேல் நடந்து போயிற்று. அதற்குத் தாள் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கல்லைப் பிடித்து இழுத்தது மாதிரி இருந்தது. வயிறு. நெஞ்சு. காலர். விரல்கள் கழுத்தைச் சுற்றி விரிந்தன, ஒவ்வொன்றாக, தகட்டைச் சரியான இடத்தில் பொருத்துகிற பொறுமையோடு. கட்டைவிரல் தொண்டைக்குழியைத் தேடியது. கண்டுபிடித்தது.

திறந்த கதவு வழியே ரோடு தெரிந்தது. வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

பின் சீட்டில் கோவிந்தப்பன் தூக்கத்தில் சுகமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"இப்பத்தான் கதகதன்னு இருக்குதுங்க சார்," என்றான். அப்புறம், உத்தரவுக்குக் காத்திருக்கும் அந்தக் குரலில், "அமுக்கட்டுங்களா?"